சட்டை கொடுக்கும் வரிசை

பூந்தமல்லிக்கு அப்பால் மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லில் சிறைச்சாலை செட் போட்டிருந்தார்கள். குணாளன் இயக்கும் முதல் படம். அன்று சாயங்காலத்தோடு மில்லைக் காலி செய்ய வேண்டும். பாக்கி இருந்தது ஒரே காட்சி. பரோல் கிடையாது என்று சூப்பிரண்டு ஒரு கைதியிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். அந்த சூப்பிரண்டாக நடிக்க வேண்டியவர் தகராறு பண்ணிக்கொண்டு மதியமே போய்விட்டார். வெயில் மதில்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

குணாளனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இயக்குநர் மங்களேஸ்வரி அன்று பார்க்க வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.  

கைதிகளாக நின்ற துணை நடிகர்களிலிருந்து அடைக்கலம் முன்னால் வந்தார். காலமெல்லாம் கைதியாகவும் திருடனாகவும் நின்றவர். சூப்பிரண்டு வேஷத்தை நான் செய்யட்டுமா என்று கேட்டார்.

குணாளன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்களுக்கு அந்த முகம் இல்லண்ணே. ஏஜென்ட்கிட்ட ரிச் முகம் ஒண்ணு கேட்டிருக்கேன். வந்துட்டே இருக்கார்."

அடைக்கலம் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். கைதிச் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். பக்கத்தில் நின்றவரும் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் கம்பி முழுக்க வெள்ளைச் சட்டைகள் தொங்கின. ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பான்.

மங்களேஸ்வரியிடம் ஓடினான். இந்தச் சிறையில் எல்லா மதமும் இருக்கிறது, பீகாரி இருக்கிறார், நரிக்குறவர் இருக்கிறார், திருநங்கை இருக்கிறார், யாரையும் விடாமல் தேடித்தேடிப் போட்டேன் என்று படபடத்தான்.

"இதுக்கு மேல நான் என்ன மேடம் பண்ணணும்?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த டைரக்டர் தொப்பியைக் கழட்டு. போய் அவங்களோட வரிசையில நில்லு."

எல்லாரையும் மறுபடி சட்டை வாங்க வரச்சொன்னார். அவர் சொன்னதற்காக வந்தார்கள். கேமரா உதவியாளர் ஒருவரையும் கூடவே நிறுத்தினார். வழக்கமான காஸ்ட்யூமருக்குக் காய்ச்சல் என்று அப்போதுதான் ஒருவர் மாற்றாக வந்திருந்தார். யார் இயக்குநர் என்றே அவருக்குத் தெரியாது.

"சூப்பிரண்டு ஒருத்தர், மிச்சம் கைதி," என்றார் மங்களேஸ்வரி. "எப்பவும் போல முகம் பார்த்துக் குடுங்க."

காஸ்ட்யூமர் வேகமான ஆள். நிமிர்ந்து பார்ப்பார், சட்டையை நீட்டுவார், அவ்வளவுதான். சிவப்பாக இருந்த கேமரா உதவியாளருக்கு சூப்பிரண்டின் காக்கி போனது. மற்றவர்களுக்கு வெள்ளை. குணாளன் முறை வந்தது. ஒரு பார்வை. மார்பில் வெள்ளைச் சட்டை வந்து விழுந்தது.

"அடுத்த ஆள் வாப்பா."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். குணாளனுக்கு அவமானத்தில் காது சுட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை, போட்டுக்கொள்ளவும் கை வரவில்லை. அடைக்கலம்தான் கிட்டே வந்து மாட்டிவிட்டுப் பொத்தானும் போட்டார்.

"அக்குள்ல பிடிக்கும் தம்பி. போகப்போகப் பழகிடும்."

காலையிலிருந்து அவனை சார் என்று கூப்பிட்டவர் அவர்.

மங்களேஸ்வரி மேஜையில் கிடந்த சிறைக்கதவுச் சாவிக்கொத்தை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"கம்பிக்கு உள்ள ஊரையே கூட்டி வெச்சிருக்கே, குணா. இதை யாருக்கு வெச்சிருக்கே?"

கேட்டில் கார் ஹாரன் கேட்டது. ஏஜென்ட் அனுப்பிய ஆள் வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல நிறம். இறங்கி நின்று கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் மதிலின் உச்சிக்குப் போயிருந்தது.

குணாளன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு கேமரா உதவியாளரிடமிருந்து காக்கிச் சட்டையை வாங்கி, சாவிக்கொத்தோடு சேர்த்து அடைக்கலத்திடம் நீட்டினான்.

அடைக்கலம் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"இந்த ஒரு சீனுக்கா சார், இல்ல இந்த மாதிரி வேஷம் இனிமேயும் கேக்கலாமா?"

குணாளன் திரும்பி மங்களேஸ்வரியைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பார்க்கிறே?" என்றார் அவர். "சாவி அவர் கையில இருக்கு."