மாற்றுத் துணி

"பிரதர், எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும்."

வந்து உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார் தங்கப்பழம்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஜெபவீடு. அதில் எப்ராயீம் பிரதர் தனியாக இருந்தார். தங்கப்பழத்தைவிட இருபது வயது இளையவர். அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

தங்கப்பழத்தின் கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு. முங்கி எழுந்ததும் ஈரம் மாற்றிக்கொள்ள.

பிரதர் பையை எட்டிப் பார்த்தார்.

"மாத்துத் துணியோடயே வந்திருக்கீகளே அண்ணாச்சி. பழக்கப்பட்ட ஆள்தான் போல."

"ஆமா பிரதர். கைப்பிள்ளையில கோயில்ல வச்சுத் தலையில தண்ணி தெளிச்சாக. அது செல்லாதுன்னு ஒரு பாஸ்டர் வந்து குளத்துல முக்குனாரு. குளத்துத் தண்ணி செல்லாது, ஓடுற தண்ணிதான் செல்லும்னு இன்னொருத்தர் ஆத்துல முக்குனாரு."

"அடுத்து கடலா?"

"கேலி பண்ணாதீக. நான் சாவுப் பயத்துல வந்திருக்கேன்."

பொய் இல்லை. ஊரில் இரும்புக்கடை அண்ணாச்சி என்றால் எவனும் எதிரே நின்று பேசமாட்டான். அந்த மனுஷன் இப்போது மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறந்து ஆப்பரேசன். மயக்க மருந்து குடுத்தப்புறம் எந்திரிக்கிறது ஆண்டவன் கையிலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மறுபடி பிறந்தவனுக்குத்தான் பரலோகம்னு சின்னதுலேருந்து கேட்டு வளந்தவன் நான். பிறந்தேனா இல்லையான்னே தெரியல பிரதர். அதே கோவம், அதே பயம். நனைஞ்சதுதான் மிச்சம். செத்தா எங்க போவேன்?"

பிரதர் ஒரு ஈர்க்கை உருவினார்.

"மொத தடவை பிறந்தீகளே, அம்மா வயித்துலேருந்து. அதுக்கு நீங்க என்ன பாடுபட்டீக?"

"நான் என்ன பாடுபட்டேன்? பாடெல்லாம் எங்கம்மா பட்டது. கால் முந்திக்கிட்டு வந்தேனாம். அவ செத்துப் பொழைச்சான்னு எங்க அத்தை சொல்லுவா."

"நீங்க ஒண்ணுமே செய்யலையா?"

தங்கப்பழம் யோசித்தார்.

"அழுதேன்."

பிரதர் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, ஆத்துக்குப் போவோம்."

"அப்போ ஞானஸ்நானம் உண்டா?"

"அது உங்களுக்கு எப்பவோ குடுத்தாச்சு. சும்மா முங்கிக் காட்டுங்க. எப்படி முங்குதீகன்னு நான் பாக்கணும்."

நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார்கள். பிரதர் ஒரு கையை அவர் முதுகில் வைத்தார். மறு கையால் அவர் கையைப் பிடித்து மெல்லச் சாய்த்தார்.

முகத்தில் தண்ணீர் ஏறியதுதான் தாமதம், தங்கப்பழம் சளப்பென்று எழுந்து நின்று முகத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"நான் தூக்குறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுட்டீகளே."

"எப்பவும் அப்படித்தான் பிரதர். பாஸ்டர்மாரும் ஏசியிருக்காக. தண்ணி மேல வந்ததும் கால் தானா ஊணிக்கிடுது."

"குளத்துலயுமா?"

"குளத்துலயும்."

"ஆத்துலயும்?"

"ஆத்துலயும்தான்." ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார் தங்கப்பழம். "கைப்பிள்ளையா இருந்தப்ப மட்டுந்தான் சும்மா கிடந்தேன் போலிருக்கு."

பிரதர் மறுபடி கையை நீட்டியபடி நின்றார்.

எலும்பும் தோலுமான கை. விரல் நுனியில் கீரைக் கறை. தங்கப்பழமோ நல்ல கனத்த ஆள். இந்தக் கை தாங்குமா?

வேறு வழியில்லை. சாய்ந்தார்.

தண்ணீர் மூடிக்கொண்டது. காதுக்குள் ஆறு இரைந்தது. கால் ஊன்றத் தவித்தது. ஊன்றவிடாமல் மடக்கிக்கொண்டார். யாரும் தூக்கவில்லை. மூச்சு முட்டியது. அவ்வளவுதான், செத்தேன் என்று கை காலை அப்படியே விட்டுவிட்டார்.

அப்போதுதான் முதுகுக்கு அடியில் அந்தக் கை இருப்பது தெரிந்தது. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

தூக்கியது.

வெளியே வந்தவர் இருமினார். பிறகு அறுபது வயதுக்கான கூச்சம் ஏதுமில்லாமல் ஓவென்று அழுதார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பதறி எழுந்தாள்.

"என்னாச்சு பிரதர் அவருக்கு?"

"ஆம்பளப் பிள்ளை தாயி" என்றார் எப்ராயீம் பிரதர். "சுகப்பிரசவம்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் தங்கப்பழத்துக்கு நன்றி சொல்வதே வேலையாக இருந்தது. காப்பி கொடுத்தால் நன்றி. மழை தூறினால் நன்றி. அம்மாவின் கல்லறைக்குப் போய் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, "ரொம்ப கஷ்டப்படுத்திட்டேம்மா, நன்றிம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் மனைவி ரூபியின் குழம்பை ஒருநாள்கூட நல்லாயிருக்கு என்று சொல்லாதவர் அன்றைக்குச் சொன்னபோது, அவள் மிரண்டு போனாள்.

ஆப்பரேசன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. ரூபி அவர் கையை விடவில்லை.

"பயமா இருக்கா?"

"இருக்கு. ஆனா கால் ஊண மாட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகம் தெளிவாக இருந்தது. அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

"மஞ்சப்பையை எடுத்துட்டு வந்தியா ரூபி?"

"இந்தா இருக்கு. வெள்ளை வேட்டியும் சட்டையும் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். வீட்டுக்குப் போறப்ப உடுத்துறதுக்கா?"

"ஆமா" என்றார் தங்கப்பழம். "எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும்."