உங்க கையாலேயே அமுக்குங்க

தென்காசியில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்த நயினார் அண்ணாச்சியின் பெருமை ஒரு ஸ்டிக்கரில் இருந்தது. கடைக் கம்ப்யூட்டர், எடிட்டர் இசக்கியம்மாள் உதிரிபாகம் சேர்த்துக் கட்டி, ஆப்பிளின் மேக் சிஸ்டத்தை ஏற்றிய ‘ஹேக்கிண்டாஷ்’; புது வெர்ஷன் ஏற்றினால் சிலசமயம் எழாமலே போய்விடும் ரகம். அதன் மேல் கடித்த ஆப்பிளை ஒட்டி, ‘அசல் மேக்’ என்று ஊரை நம்பவைத்தவர் அண்ணாச்சி.

ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் தகப்பனார் கல்யாண வீடியோ பார்க்க வந்திருந்தபோது, சிஸ்டத்துக்குப் புது வெர்ஷன் வந்திருப்பதாகத் திரை சொன்னது.

“இப்பவே ஏத்து” என்றார் அண்ணாச்சி, வந்தவர் காதில் விழும்படி.

“நாளைக்கு ஏத்துதேன் அண்ணாச்சி. முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுக்கணும். சிஸ்டம் எந்திரிக்கலேன்னா இவங்க வீட்டுக் கல்யாணமே போயிரும்.”

“அசல் மேக்குக்கு எதுக்குட்டி காப்பி? ஒரு பொத்தான் அமுக்கினா ஏறிரும். முடியலேன்னா வேற வேலை பாத்துக்கோ!”

அசலுக்கும் காப்பி நல்லதுதான். அது வேறு விஷயம். இசக்கி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“சரிதான் அண்ணாச்சி. அசல்தானே, உங்க கையாலேயே அமுக்குங்க.”

அண்ணாச்சியின் விரல் மவுஸ் மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“அமுக்குங்களேன்” என்றார் வந்தவர்.

“அது வந்து... இது அசல் இல்லைங்க. இவ கட்டினது. நாளைக்கே ஏத்தட்டும்.”

“இந்தப் பொண்ணா கட்டிச்சு? எனக்கும் ஒண்ணு கட்டித் தருவியாம்மா?”

மறுநாள் காப்பி எடுத்த பிறகு புது வெர்ஷன் பத்திரமாக ஏறியது. ஸ்டிக்கர் இறங்கியது. அண்ணாச்சியின் பெருமை மட்டும் இறங்கவில்லை. “கடையில மேக் எவன் வேணாலும் வாங்கலாம். இது நம்ம இசக்கி கட்டினதாக்கும்!”