யானை என்று சொல்லக் கூடாத நாள்

முன்னொரு காலத்தில், மழை தவறினாலும் அரசனின் கோபம் தவறாத குறுங்கானம் என்ற நாட்டை இளவழுதி ஆண்டுவந்தான். ‘யானைப்படை’ என்ற பலகை ஆட்டத்தில் அவனுக்குப் பித்து. தந்தக் காய்களோடு அதைச் செய்து விற்றவர் அரண்மனைப் பிரபு மாணிக்கநம்பி. அந்தப் பெயரை வேறு யாரும் வைக்கக் கூடாதென்று செப்பேடும் வாங்கியிருந்தார்.

சந்தை வழியில் மோர் விற்ற காளத்தி, சுமைதாங்கிக் கல்லருகே கரியால் அதே கட்டங்களை வரைந்தாள். காய்களுக்குப் புளியங்கொட்டை. “உங்க ஊர்லயும் வரைஞ்சுக்குங்க. பிடிக்காத விதியை மாத்திக்குங்க. கேட்டவங்களுக்கு மறைக்காமச் சொல்லுங்க” என்பாள் ஆட வருபவர்களிடம். ‘ஏழை யானைப்படை’ என்று பெயரும் வைத்தாள்.

நம்பி அவளைச் சபைக்கு இழுத்துவந்தார். காலையில்தான் ஆட்டத்தில் தோற்றிருந்த அரசன், “பொழுது சாய்வதற்குள் நம்பி ஒப்புக்கொள்ளும் வேறு பெயர் வை. இல்லையேல் நாட்டைவிட்டுப் போ” என்றான்.

“யானைக்கூட்டம்னு வைக்கட்டுங்களா?”

“யானை என்னுடையது” என்றார் நம்பி.

“கோட்டைக்காவல்?”

“ஆட்டத்தில் கோட்டை வருகிறது. அதுவும் என்னுடையது.”

“எதுதான் சாமி உங்களுது இல்லை?”

“மோர்.”

சபை சிரித்தது. அமைச்சர் ஆதனார் சிரிக்கவில்லை. “நம்பி கேட்பதைக் கொடுத்துவிடலாம், அரசே. அவர் அனுமதியின்றி இன்று யாரும் ‘யானை’ என்று சொல்லக் கூடாதெனப் பறையறைவோம்” என்றார்.

பறை முழங்கியது. நம்பி நடுத்தெருவில் நெஞ்சு நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தார். பின்னாலிருந்து பாகன் குரல் கொடுத்தான்.

“வருது, விலகுங்க.”

“என்னடா வருது?” நம்பி திரும்பவில்லை.

“பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க.”

“தேரா?”

“தேரை விடப் பிடிவாதமுங்க.”

முதுகில் சூடாக மூச்சுப் பட்டது. நம்பி குதித்த இடம் தெருவோரத்து வண்ணான்துறைச் சேறு.

“சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?”

“பறை கேட்டேனுங்க.”

சேறு சொட்ட அவர் சபைக்கு வந்தபோது அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நம்பி, எது வந்தது?”

“யானை. அந்தச் சொல்லை எல்லோருக்கும் திருப்பித் தந்துவிடுகிறேன், அரசே.”

ஆதனார் காளத்தியிடம் திரும்பினார். “நீயும் கேள் அம்மா. ஆட்டம் எல்லோருக்கும் பொது. பெயர் வீட்டு வாசல். நீ கரியால் வரைந்த கட்டங்களை நம்பியின் ஆட்டம் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் வந்து ஏமாந்திருக்கிறார்கள். அடுத்தவர் வாசலில் கோலம் போட்டு நம் வீடு என்று சொல்லலாமா?”

அவள் தலை குனிந்தாள். “தப்புதான். தெரிஞ்ச பேருன்னா ஆள் வருமேன்னு நினைச்சேன். இனி ‘சுமைதாங்கி’ன்னே சொல்லிக்கிறேன்.”

“அதில் படையும் இல்லை, யானையும் இல்லையே?” என்றான் அரசன்.

“சுமையை இறக்கி வச்சுட்டுத்தானே மகராசா ஆடுறாங்க.”

நம்பி ஒப்புக்கொண்டு தலையசைத்தார். அரசன் ஆதனாருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்து, நாட்டின் ஒவ்வொரு சுமைதாங்கியருகிலும் அந்தக் கட்டங்களைக் கல்லில் செதுக்கச் சொன்னான். மறுநாள் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தானே போய் உட்கார்ந்து, ஓர் உப்பு வணிகனிடம் தோற்றான். குளித்துவந்த நம்பி தன் முறைக்காகப் பின்னால் நின்றார்.

குறுங்கானத்து அரசர்கள் போனார்கள், செப்பேடும் போயிற்று. கல்லில் கட்டங்கள் இருக்கின்றன. புளியங்கொட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.