தேன்வரைக் கயிறு

கதைக்குக் காது கொடுத்தவர்களே, கேளுங்கள்! மலைகள் இப்போதைவிட உயரமாக இருந்த காலம் அது. அப்போது ஒரு ராஜா இருந்தார். ராஜா இல்லாமல் கதை உண்டா? ஆனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை கொஞ்சம்தான்.

அவர் நாட்டில் தேன்வரை என்றொரு செங்குத்துப் பாறை. ஒரு பக்கம் வேங்கையூர், மறுபக்கம் மூங்கிலூர். பாறையில் தொங்கிய தேனடைகளே இரண்டு ஊருக்கும் சோறு. அதற்காகவே இரண்டு ஊரும் வெட்டிக்கொண்டு மடிந்தன. "நாம விட்டா அவன் எடுப்பான்" என்று, தேனீப் புழு வளரும் அடையைக்கூட விடாமல் வழித்தார்கள். தேனீயும் குறைந்தது, ஆளும் குறைந்தது. அப்புறம்தான் புத்தி வந்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

இனித் தேனை எப்படிப் பங்கிடுவது? ராஜா பாறையின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டார். தேனீக்குக் கோடு தெரியுமா? அந்த வருஷம் எல்லா அடையும் ஒரே பக்கம். அடுத்து, காவல் போட்டார். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? காவலர்களே பாதியைத் தின்றார்கள். இரண்டு ஊரும் மறுபடி வேல்களைத் தீட்டத் தொடங்கின.

மூன்றாவதாக என்ன செய்வதென்று ராஜாவுக்குத் தெரியவில்லை. "யாராவது வழி சொல்லுங்களப்பா" என்று உட்கார்ந்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்றாரே, நல்ல ராஜா!

வேங்கையூர் வெள்ளச்சி எழுந்தாள். சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"பாறையில இறங்குறது ஒரு ஊரு, மேல கயிறு பிடிக்கிறது அடுத்த ஊரு, மறுநாள் மாத்தி. தேன்ல மூணுல ஒரு பங்கு ஈக்கு, மிச்சம் ரெண்டு ஊருக்கும் சரிபாதி. முதல் கயித்தை நான் பிடிக்கிறேன்."

கூட்டம் திகைத்தது. அந்த மலையில் கயிறு பிடிப்பவன் எப்போதும் இறங்குபவனின் மைத்துனன்தான். அவன் தன் அக்காள் தாலியை அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. பகையாளி கையிலா கயிற்றைக் கொடுப்பது?

மூங்கிலூர்ச் சடையன் முன்னால் வந்தான். வெள்ளச்சியின் புருஷனை வேலெறிந்து கொன்றவன் அவன்தான்.

"நான் இறங்குறேன். அவ கயித்தை விட்டாலும் அது நியாயந்தான்" என்றான். அவன் மனைவி பூவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவன் கேட்கவில்லை.

கயிறு ஒரு மரத்தைச் சுற்றி வெள்ளச்சியின் கைக்கு வந்தது. சடையன் இறங்கிப் புகை போட்டான். காற்று திரும்பியது. மலைத்தேனீ மொத்தமும் மேலே கிளம்பியது. இரண்டு ஊராரும் சிதறி ஓடினார்கள். ராஜாவும்தான்!

வெள்ளச்சி ஓடவில்லை. முகம் வீங்கியது, கண் வீங்கியது, கை வீங்கியது. பிடி மட்டும் தளரவில்லை. என்ன மனுஷி அவள்!

சடையன் மேலே ஏறி வந்தான். "உன் புருஷனைக் கொன்னவன் நான். ஏம்மா விடலை?"

"விடச்சொல்லி மனசு துடிச்சுது. ஆனா நாளைக்கு என் தம்பி இறங்குவான். உன்னை விட்டுட்டா, அவன் கயித்தை உங்க ஊர்ல யாரு பிடிப்பா?"

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். பூவாயி சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"கையைக் குடு, அக்கா" என்று கொட்டிய இடமெல்லாம் தடவினாள். தன் தாலியைக் காத்தவள் கூடப்பிறந்தவள்தானே!

மறுநாள் வெள்ளச்சியின் தம்பி இறங்கினான். கயிற்றைச் சடையன் பிடித்தான். வருஷத்துக்கு வருஷம் தேன்வரையில் ஈ பெருகியது, வேல்கள் துருப்பிடித்தன.

ஒருவர் உயிரை ஒருவர் கையில் நம்பிக் கொடுத்துப் பங்கிட்டால்தான், காடும் தழைக்கும், பகையும் தீரும்.