கோரைநகரைக் கட்டிப்போட்ட கதை

கோரைநகரில் மழை பெய்தால் சாக்கடை தெருவுக்கு வரும். மழை விட்டால் தெரு சாக்கடைக்குள் போகும். இது தவிர அந்த ஊருக்கு ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. அதிலே இலக்கணத்துறை என்று ஒன்று. மாணவர் ஒருவரும் இல்லை, ஆசிரியர் மூவர். தலைவர் ஆதிமூலம், பேராசிரியர் திருநீலகண்டர், விரிவுரையாளர் இளவஞ்சி.

ஒருநாள் அரசிடமிருந்து ஆணை வந்தது: ‘நகரம் நிலைத்திருக்கப் பல்கலைக்கழகம் துணை நிற்க வேண்டும்.’ துணைவேந்தர் அதை ஆதிமூலத்திடம் தள்ளிவிட்டார். ஊருக்கு உருப்படியாக ஏதும் செய்யாவிட்டால் துறையைப் பூட்டி, அறையை உணவகத்துக்கு மாவரைக்கக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். வாழ்நாளெல்லாம் வேற்றுமை உருபை விளக்கிய அறையில் கிரைண்டர் சுழல்வதை ஆதிமூலத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

‘துணை நிற்க’ என்றிருந்ததால் முதலில் நாற்காலிகளை வெளியே போட்டார்கள். பிறகு நின்றுகொண்டே ஆராய்ந்தார்கள்.

“நிலைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் இப்போது நிலைக்கவில்லை என்றாகிறது,” என்றார் ஆதிமூலம்.

“பெயரிலேயே இருக்கிறதே ஐயா. நகர்வதால் நகரம்,” என்றார் இளவஞ்சி.

“நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். ஒருநாளும் நகர்ந்து பார்த்ததில்லையே,” என்றார் திருநீலகண்டர்.

“உள்ளேயே இருந்தால் எப்படித் தெரியும்? நீரும் சேர்ந்துதானே நகர்ந்திருப்பீர்,” என்றார் ஆதிமூலம்.

மறுக்க முடியாத வாதம். வெளியூர்ப் பேருந்தில் ஏறிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

பேருந்து காலியாக இருந்தும் மூவரும் நின்றார்கள். உட்காரச் சொன்ன நடத்துநரிடம், ஆணை அதற்கு இடந்தரவில்லை என்று ஆதிமூலம் விளக்கினார். வண்டி கிளம்பியதுதான் தாமதம், மணிக்கூண்டு போயிற்று. காய்கறிச் சந்தை போயிற்று. ஆதிமூலத்தின் சொந்த வீடே கண்ணெதிரில் பின்னோக்கி ஓடியது. அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை உயர்த்திப் பிடித்தபடி, வாசலில் நின்ற மனைவி மங்கையர்க்கரசியும் வீட்டோடு போனார்.

“போகிறாளே,” என்றார் ஆதிமூலம். “ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே.”

“எங்க சார் போகணும்?” என்று கேட்டார் நடத்துநர்.

“இந்த ஊர் எங்கே போகிறதோ, அங்கே மூன்று.”

நடத்துநர் விசில் ஊதி இறக்கிவிட்டார். வண்டி நின்றதும் ஊரும் நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டதால்தான் நின்றுவிட்டது என்று மூவரும் ஒருமனதாகத் தெளிந்தார்கள்.

அன்றே மணிக்கூண்டின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை இலக்கணத்துறைத் தூணில் கட்டினார்கள். தேங்காய்நார்க் கயிறு என்பாரும் உண்டு, பழைய தேர்வடம் என்பாரும் உண்டு. முடிச்சுப் போட்டவர் திருநீலகண்டர் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. கயிறு கடைவீதியின் குறுக்கே நின்றது. பேருந்தும் வரவில்லை, லாரியும் வரவில்லை. “இப்போ ஊரே நடக்குது” என்று யாரோ அலுத்துக்கொண்டது காதில் விழ, திருநீலகண்டர் பதறிப்போய் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

படித்தவர்களாயிற்றே, அந்தச் சாக்கடைக்கு ஒரு வழி சொல்லக்கூடாதா என்று ஊரார் வந்து கேட்டார்கள். சாக்கடை எங்கும் ஓடாது, அதுதானே அதன் குறையே. ஓடப் பார்க்கும் ஊரை முதலில் பிடித்து வைப்போம் என்று ஆதிமூலம் அனுப்பிவைத்தார்.

சில வாரங்களில் அரசின் ஆய்வுக்குழு வந்தது. புகையில்லை, இரைச்சலில்லை, நடுவீதியில் பிள்ளைகள் பம்பரம் விடுகிறார்கள். குழுவினர் மெய்சிலிர்த்துப்போய், நிலைத்த நகரத்துக்கான விருதை அறிவித்தார்கள். ‘கோரைநகர் தலைநகருக்கு வந்து விருதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்’ என்று அழைப்பும் வந்தது. விருது கைக்கு வந்தால் துறை பிழைக்கும், வராவிட்டால் கிரைண்டர் என்றார் துணைவேந்தர்.

“நம்மை அழைக்கவில்லையே ஐயா. ஊரைத்தானே வரச் சொல்லியிருக்கிறார்கள்,” என்றார் இளவஞ்சி.

ஆதிமூலம் அழைப்பை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். “அவிழ்த்துவிடுங்கள். போய் வந்ததும் கட்டிக்கொள்ளலாம்.”

கயிற்றை அவிழ்த்தார்கள். ஊருக்கு வழித்துணையாகத் தலைநகர் ரயிலில் ஏறி, சன்னலோரம் நின்றார்கள். ரயில் கிழக்கே கிளம்பியது. கோரைநகரும் கிளம்பியது, மேற்கே. ஆதிமூலத்தின் காதில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. சங்கிலியைப் பிடித்து இழுத்தார்.

“ஊர்மேல் தப்பில்லை,” என்றார் திருநீலகண்டர். “நாம் கிழக்கே போனால் அது மேற்கே போகிறது. அது கிழக்கே போக வேண்டுமென்றால் நாமல்லவா மேற்கே போக வேண்டும்?”

மூவரும் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் புறப்பட இருந்த ரயிலில் ஏறினார்கள். அது நகர்ந்ததும் கோரைநகர், மணிக்கூண்டும் சந்தையும் மங்கையர்க்கரசியுமாக, தலைநகரை நோக்கி ஒழுங்காகப் புறப்பட்டது. ஆதிமூலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைத்தார். சாப்பாட்டுத் தூக்கை இன்றும் மறந்து வீட்டிலேயே விட்டு வந்திருந்ததால் வழியில் மனைவிக்குச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார்.

“நாங்கள் எங்கும் போகவில்லை தம்பி,” என்றார் ஆதிமூலம், மேலே கம்பியைப் பிடித்து நின்றபடி. “துணைதான் நிற்கிறோம். போவது ஊர். டிக்கெட்டை அதனிடம் கேளுங்கள்.”