பல் பதிந்த காசு

"நாளைக்கு உப்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். என்னைப் பற்றி அந்த ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்" என்றான் எழினி.

"எந்த ஒன்றை?" என்றார் ஆசிரியர் வெண்ணி.

"தேர்வில் பல முறை தோற்றவன் என்பதை."

எழினி உப்பு விற்கும் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள். நாற்பது வயதில்தான் படித்து முடித்தான். ஆசிரியரே அவனைவிட இளையவர்.

உப்பூரார் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் கேட்டிருந்தார்கள். இவனை அனுப்புவதாக வெண்ணி சொல்லியிருந்தார்.

"சொன்னால் என்ன ஆகும்?"

"வந்த வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்."

வெண்ணி வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்தாள்.

"எங்க வீட்டுக்காரரைக் கள்ளக்காசு வெச்சிருந்தார்னு பிடிச்சுட்டாங்க. காசு அடிக்கிற நாணயச்சாலையில உட்கார வெச்சிருக்காங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் கணவர் காரி, பிழையான காசுகளை ஆசையாகச் சேர்ப்பவர்.

மூவரும் போனார்கள்.

நாணயச்சாலைத் தலைவர் கையில் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. அதில் ராஜா முகம் இரண்டு முறை விழுந்திருந்தது.

"இவர் நல்லவர்" என்றார் வெண்ணி.

"இருக்கட்டும். காசு நல்லதா என்பதுதான் கேள்வி."

தலைவர் ஓர் இயந்திரத்தைக் காட்டினார். பல் வைத்த இரண்டு உருளைகள். வேலையாள் ஒருவர் பிழையான காசு ஒன்றை அவற்றின் நடுவே விட்டுச் சுற்றினார். காசு மறுபக்கம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து வந்தது.

"இனி இது கடையில் செல்லாது. ஆசைப்படுகிறவர்கள் வாங்கிப் போகலாம். பல் பதியாத பிழைக்காசு எதுவும் இந்த வாசலைத் தாண்டாது."

காரியின் காசு வழவழவென்று இருந்தது.

"பல் இருந்துச்சுங்க" என்றார் காரி. "ராஜா முகம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கலை. சுத்தியலால தட்டித் தட்டி நிமிர்த்திட்டேன்."

"உன்னை யாருய்யா தட்டச் சொன்னது? அந்தப் பல் இருந்தால் இது எங்கள் வீட்டுக் காசு. இல்லாவிட்டால் திருட்டுக்காசு, அல்லது கள்ளக்காசு. எதுவென்று எழுதிக்கொள்ள?"

காரியின் மனைவி அழத் தொடங்கினாள்.

தலைவர் காசை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி சாய்த்தார்.

"ஓரத்தில் ஒரு பள்ளம் மிச்சம் இருக்கிறது."

உருளையின் பல்லோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"எங்களுடையதுதான். கூட்டிக்கொண்டு போங்கள்."

"இவருக்கு வீட்டுல ஒரு வேலையும் உருப்படியா செய்யத் தெரியாதுன்னு தினமும் திட்டுவேன்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இனிமே திட்ட மாட்டேன்."

காரி அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடந்தார்.

எழினி வழியெல்லாம் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை உப்பூர் வண்டி வந்தது. இறங்கிய அம்மாள் இடுப்பில் கை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவர்தான் வாத்தியாரா?"

"இவர் எழினி" என்றார் வெண்ணி. அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டவன் அவன்தானே.

எழினி ஓர் அடி முன்னால் வந்தான்.

"அம்மா, நான் தேர்வில் பல முறை தோற்றவன்."

வண்டிக்காரன் சிரித்தான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"தோத்தப்ப எல்லாம் உங்களை யாரு திரும்பச் சேர்த்துக்கிட்டது?"

எழினி வெண்ணியின் பக்கம் திரும்பினான். இரண்டு கைகளையும் கூப்பினான்.

"ஏறுங்க" என்றாள் அவள். "எங்க பிள்ளைங்களும் நிறைய தோப்பாங்க."