மோடம் சாமிக்குப் பள்ளியறை

செங்கரை நாட்டு மன்னர் வீரமுடியாரின் அரண்மனையில் ஒரு கேபிள் மோடம் இருந்தது. அரசர் காலத்தில் மோடம் ஏது என்று குறுக்கே கேட்காதீர்கள். கதையில் கிளி பேசினால் நம்புகிறீர்கள், மோடம் எரிந்தால் மட்டும் சந்தேகமா?

அதை மாட்டிவிட்டுப் போன கேபிள்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நெட் நின்னுபோச்சுன்னா ஸ்விட்சை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க."

தலைமை அமைச்சர் பரிமள ராயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரண்மனையில் எரிகிற விளக்கை அணைப்பதா? அபசகுனம்! கேபிள்காரரை விரட்டிவிட்டு, மோடத்தின் விளக்கை அணைப்பவர் நாடு கடத்தப்படுவார் என்று ஆணையும் போட்டார்.

ராயரின் மூளை அத்தோடு சும்மா இருக்குமா? வெள்ளியில் ஒரு மண்டபம் செய்து மோடத்தை உள்ளே குடியேற்றினார். பட்டு சாத்தினார். சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். கழுத்தே இல்லாத சாமானுக்கு ஆள் கனத்தில் கதம்ப மாலை போட்டார். காலையும் மாலையும் தீபாராதனை. சபையில் இருந்த பண்டிதர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெட்கமே இல்லை.

இப்படி உபசாரம் செய்தால் எதுதான் தாங்கும்? நெட் படுத்துவிட்டது.

அது படுத்த நாள் சாதாரண நாளா? மன்னரின் மகள் பூங்கோதை கடல் கடந்த நாட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். அன்று மாலை பெயர் சூட்டு விழா. தாத்தா வீடியோவில் பேரனைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். காலையில் ஒத்திகை பார்த்தபோது, "அப்பா, இதோ உங்க..." என்றவள் வாய் திறந்தபடியே உறைந்துபோனாள். குழந்தையின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

"காதைத்தான் பார்த்தேன்! என் பேரனின் முகத்தைப் பார்க்கவில்லையே!" என்று மன்னர் புலம்பினார்.

ராயர் வைத்தியத்தைத் தொடங்கினார். மாலையை இன்னும் பெரிதாக்கினார். சோதிடர் வந்து சனியின் மேல் பழி போட்டார். கேபிளுக்குப் பக்கத்தில் வாளோடு காவலர்கள் நின்றார்கள். கேபிள் யாருக்கும் பயப்படவில்லை.

அப்போது ராயரின் கண் விகடகவி ஐயாறப்பன் மேல் விழுந்தது. ராயர் கவிதை வாசித்தபோது நடுச்சபையில் கொட்டாவி விட்டவர் அவர். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

"அரசே, ஐயாறப்பனுக்குத் தெரியாதது உண்டா? மாலைக்குள் அவர் சரிசெய்யட்டும். விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

பேரன் நினைப்பிலேயே இருந்த மன்னர், "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

ஐயாறப்பன் மோடத்தைத் தொட்டுப் பார்த்தார். இட்லிப் பானை போலச் சுட்டது. அதன் விளக்கு வரிசையில் கடைசி விளக்கு நிலைகொள்ளாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அமைச்சரே, இது சாமிதானே?"

"அதிலென்ன சந்தேகம் உமக்கு?"

"நம் ஊர்ச் சிவன் கோயில் சாமியைவிடப் பெரியதோ?"

"சிவ சிவா! அபசாரம்!"

"அந்தப் பெரிய சாமியையே ராத்திரி தாலாட்டுப் பாடிப் பள்ளியறையில் தூங்க வைக்கிறோம். இந்தச் சாமி வந்த நாளிலிருந்து கண் மூடவில்லை. ஒரு நாள் தூக்கம் கெட்டாலே தாங்கள் சபையில் உளறுகிறீர்கள். இது உளறாதா?"

மறுத்தால் கோயில் வழக்கத்தையே பழித்ததாகும். "வழக்கம்... வழக்கம்தான்" என்று ராயர் முனகினார்.

உடனே திரை கட்டினார்கள். நாதஸ்வரக்காரர் தாலாட்டு ராகமான நீலாம்பரியை வாசித்தார். திரைக்குள் போன ஐயாறப்பன் முதல் வேலையாக ஸ்விட்சை அணைத்தார். பட்டை உருவினார். காற்றுத் துளைகளை அடைத்திருந்த சந்தனத்தைச் சுரண்டினார். மாலையின் கனத்தில் கேபிளின் திருகு தளர்ந்து தொங்கியது. அதை இறுக முறுக்கினார். வெள்ளிச் சுவருக்குள் அடைபட்ட வைஃபை எப்படி வெளியே வரும்? மோடத்தை எடுத்து மண்டபத்துக்கு வெளியே ஒரு மரப்பலகையில் வைத்தார். சூடு ஆறியதும் ஸ்விட்சைப் போட்டார்.

"இனிப் பள்ளியெழுச்சி பாடுங்கள். நிறுத்தி நிதானமாகப் பாடுங்கள். அவசரப்படுத்தினால் சாமி எழுந்திருக்காது!"

"இன்னும் வரவில்லையே! மூட்டையைக் கட்டச் சொல்லுங்கள் அரசே!" என்று ராயர் குதித்தார். பாட்டு முடியும் நேரத்தில் கடைசி விளக்கும் மினுக்குவதை விட்டு நின்று எரிந்தது.

"அப்பா!" என்றாள் பூங்கோதை.

அவள் மடியில் பேரன். கண், மூக்கு, பொக்கை வாய், இரண்டு காதும் இருந்தன. மன்னர் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு மேல்துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார்.

ராயருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏமாந்துவிட்டீர்கள் அரசே! திரைக்குள்ளே இவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டார், வேறொன்றும் இல்லை! இது பெரிய வித்தையா? எனக்கே தெரியும். கேபிள்காரன் அன்றைக்கே சொன்னானே!"

மன்னர் மெல்லத் திரும்பினார்.

"உமக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் என்னைக் காலையிலிருந்து அழவைத்தீரா?"

ராயரின் வாய் திறந்தபடியே நின்றது. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி ஐயாறப்பன் கழுத்தில் போட்டார். "ஐயாறப்பா, இந்த ஆளை என்ன செய்யலாம்? இவரையும் தாலாட்டித் தூங்க வைத்து எழுப்பினால் சரியாகிவிடுவாரா?"

ஐயாறப்பன் ராயரை மேலும் கீழும் பார்த்தார்.

"வீண் வேலை, அரசே. அணைத்துப் போட்டால் சரியாவதற்கு, உள்ளே ஏதாவது ஒன்று எரிந்துகொண்டிருக்க வேண்டும்."